ராஜப்பாவின் கோட்டு: 'பில்லா' மறுஆக்கமும் கெடா ரசிகர்களின் இரண்டு மனமும்

கேள்வி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியின் பாக்கார் ஆராங் வட்டாரத்தில் 'பில்லா' என்று சொன்னால், எந்தப் பில்லா என்று திருப்பிக் கேட்பார்கள். ஐம்பதைத் தாண்டியவருக்கு அது 1980இல் ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கி ரஜினிகாந்த் இரட்டை வேடத்தில் நடித்த படம். நாற்பதுக்குக் கீழே உள்ளவருக்கு அது 2007இல் விஷ்ணுவர்தன் இயக்கி அஜித் குமார் நடித்த படம். விஷயம் இத்தோடு முடிந்தால் அது வெறும் தலைமுறைச் சண்டை. அதற்கு ஆய்வு தேவையில்லை. ஆனால் பழைய படத்தோடு வளர்ந்த பலர் புதிய படத்தைப் பற்றி ஒரே மூச்சில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "படம் நல்லாதான் இருக்கு" என்பார்கள். அடுத்த வாக்கியத்தில் ஏதோ பறிபோனதுபோல் குறைப்பட்டுக்கொள்வார்கள். பறிபோனது என்ன என்று கேட்டால் உடனே பதில் வராது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடுகிறது.

இதைக் கெடாவிலிருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு 'பில்லா'வின் பெரும்பகுதி மலேசியாவில் படமாக்கப்பட்டது. சென்னை ரசிகருக்கு மலேசியா ஒரு வெளிநாட்டுப் பின்னணி. நமக்கு அது வீடு. சிறுவயதில் நாம் கொண்டாடிய படம் நம் வீட்டுக்கே வந்து மறுபடியும் எடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் மனம் நிறையவில்லை என்றால், குறையைப் படத்தில் மட்டும் தேடினால் போதாது.

மூலம் என்பது எது?

முதலில் ஒரு தடையை நீக்க வேண்டும். நாம் 'அசல்' என்று சொல்லும் 1980 படமும் அசல் இல்லை. சலீம்–ஜாவேத் எழுதி, சந்திரா பாரோட் இயக்கி, அமிதாப் பச்சன் நடித்து 1978இல் வெளியான 'டான்' இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. 1979இல் என்.டி.ராமாராவ் நடிக்க 'யுகந்தர்' என்று தெலுங்கிலும், 1986இல் மோகன்லால் நடிக்க 'சோப்ராஜ்' என்று மலையாளத்திலும் அதே கதை வந்தது. தமிழ்ப் படத்தைத் தயாரித்த கே. பாலாஜி வெற்றிபெற்ற வேற்றுமொழிக் கதைகளை வாங்கித் தமிழாக்குவதையே தொழிலாகச் செய்தவர். அடுத்த ஆண்டே 'தீவார்' கதையை அதே கிருஷ்ணமூர்த்தி, அதே ரஜினியை வைத்துத் 'தீ' ஆக்கினார். 'பில்லா'வில் டி.எஸ்.பி. அலெக்சாண்டராக நடித்தவரும் பாலாஜிதான். கதையை வாங்கியவரே கதைக்குள் புகுந்து, செத்துப்போன பில்லாவின் இடத்தில் ராஜப்பா என்ற வேறொருவனை உட்காரவைக்கிறார். மறுஆக்கத் தயாரிப்பாளருக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் கிடைக்காது.

ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு இது எதுவும் தெரியாது. இந்திப் படங்களை எங்களைவிடக் கூடுதலாக விரும்பிப் பார்த்த மலாய் நண்பர்களுக்கு அமிதாப்பைத் தெரிந்திருந்தது. எங்களுக்கு ரஜினியைத் தெரிந்திருந்தது. ஆகவே 'மூலம்' என்பது படத்தின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துச் சொல்லும் சொல் அன்று. எது முதலில் கண்ணில் பட்டதோ அதுவே மூலம். 'அசலைக் கெடுத்துவிட்டார்கள்' என்னும் குற்றச்சாட்டை எடுத்த எடுப்பிலேயே ஏற்றுக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான்.

கலைச்சொல் பற்றியும் ஒரு வார்த்தை. 'ரீமேக்' என்றால் கதையை மறுபடியும் எடுப்பது. 'ரீபூட்' என்றால் கணினியை அணைத்துப் போடுவதுபோல, பழைய கணக்கை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. 2007 'பில்லா' கதையளவில் ரீமேக், நோக்கத்தில் ரீபூட். பில்லாவின் முன்கதையைச் சொல்லும் 'பில்லா 2' 2012இல் வந்தபோது அந்த நோக்கம் வெளிப்படையானது. அந்தப் படத்தில் அவன் பெயர் டேவிட் பில்லா. 1980 படத்துக்கும் அவனுக்கும் பெயரைத் தவிர வேறு ஒட்டில்லை.

ஏற்கெனவே சொல்லப்பட்ட விளக்கங்கள்

பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று பழைய நினைவு. சிறுவயதில் தின்ற எதுவும் ருசிதான் என்பது இதன் சாரம். இதை முழுதாக மறுக்க முடியாது. ஆனாலும் இந்த விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பழைய நினைவு மட்டுமே காரணமென்றால் எல்லா மறுஆக்கங்களும் ஒரே அளவு கசக்க வேண்டும். 'மாப்பிள்ளை' 1989இலும் 2011இலும் வந்தது. 'முரட்டுக் காளை' 1980இலும் 2012இலும். 'தில்லு முல்லு' 1981இலும் 2013இலும். மூன்றும் ரஜினியின் பழைய படங்கள்தான். இவற்றின் புதிய வடிவங்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் மனத்தாங்கலோடு பேசிக் கேட்டதில்லை. பார்த்தார்கள், மறந்தார்கள். 'பில்லா' மட்டும் உறுத்துகிறது.

இரண்டாவது விளக்கம் நட்சத்திரப் போட்டி. தன் நாயகனின் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்ததை ரசிகனால் பொறுக்க முடியவில்லை என்பது. தமிழ்நாட்டு ரசிகர் மன்றங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நல்ல ஆய்வுகளில் ஒன்று சாரா டிக்கியின் நூல். மதுரையில் கள ஆய்வு செய்து 1993இல் வெளியிட்டார். நகர்ப்புற ஏழைகளுக்குச் சினிமா தப்பித்துக்கொள்ளும் இடம் மட்டுமில்லை, தங்கள் நிலையை எண்ணிப் பார்க்கும் இடமும்கூட என்பது அவருடைய பார்வை. இந்தப் பார்வை பயனுள்ளது. பின்னால் இதற்குத் திரும்புவேன். ஆனால் மலேசியத் தோட்டங்களில் மன்ற அமைப்பு மதுரையின் வலுவோடு இருந்ததில்லை. கட்அவுட்டும் பாலாபிஷேகமும் இங்கே பிற்காலத்துப் பழக்கங்கள். மன்றப் பகையைக் கொண்டு நம் ரசிகரின் மனத்தை விளக்குவது இரவல் சட்டையைப் போட்டுப் பார்ப்பதுதான்.

மேலைத் திரைப்பட ஆய்வாளர் தாமஸ் லீச் 1990இல் மறுஆக்கங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இவ்விரண்டையும்விடக் கூர்மையானது. மறுஆக்கம் முந்தைய படத்தை வணங்குவதுபோல் தோன்றினாலும், அதை இனித் தேவையற்றதாக்கவே பார்க்கிறது என்கிறார் அவர். அப்படியானால் ஒவ்வொரு மறுஆக்கத்திடமும் நாம் கேட்க வேண்டியது, பழைய படத்தில் எந்தப் பகுதியை வணங்கியது, எந்தப் பகுதியைத் தேவையற்றதாக்கியது என்பதைத்தான். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு திடலுக்குப் போகலாம்.

திடலில் பார்த்த படம்

'பில்லா' 1980 ஜனவரி 26 அன்று தமிழ்நாட்டில் வெளியானது. எங்கள் தோட்டத்துக்கு அது எப்போது வந்தது என்று நாள் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது; தோட்டத்துக்குப் படம் வருவதற்கு நாள்கணக்குக் கிடையாது. சம்பளத்துக்குப் பிறகு, மழை இல்லாத இரவில், திடலில் கோல்கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். லயத்திலிருந்து பாய், பலகை, சாக்கு எல்லாம் வந்துவிடும். பெரியவர்கள் முன்புறம் இடம் பிடித்துக்கொள்வதால் சிறுவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்காருவோம். பின்னாலிருந்து பார்த்தாலும் படம் தெரியும். எழுத்துகள் மட்டும் இடவலம் மாறி ஓடும். வலக்கையால் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ரஜினி எங்களுக்கு இடக்கைக்காரர். நெடுநாள் நான் இடக்கையால்தான் அதைப் பழகினேன்.

ரீல் மாற்றும் இடைவெளியில் கதையை யாராவது எடுத்துச் சொல்வார்கள். ஏற்கெனவே பட்டணத்தில் பார்த்துவிட்டு வந்தவர் அடுத்து நடக்கப்போவதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிறகு கேசட் வந்தது, வீடியோ வந்தது, வாரம் ஒரு தமிழ்ப்படம் போடும் தொலைக்காட்சி வந்தது. படத்தைப் பார்த்ததைவிடக் கேட்டதும் சொல்லிக்காட்டியதும்தான் அதிகம். ஆகவே நாங்கள் 'பில்லா' என்று நினைவில் வைத்திருப்பது பாதி படம், பாதி எங்கள் வாய்க்கதை. இந்தப் பாதியோடு எந்த மறுஆக்கமும் போட்டிபோட முடியாது. நினைவு பற்றிய விளக்கத்தை இந்த அளவுக்கு நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் கூர்ந்து சொல்ல வேண்டும். படம் போட்ட இரவுக்கு மறுநாள் விடியற்காலை, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் நேரம். பால்வாடை ஏறிய பழைய மழைக்கோட்டு ஒன்றைத் தோள்களில் மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் உளியோடு ஒருவர் பில்லா நடை நடந்து வந்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் சிரித்தார். "என்னாடா, தொரை ஆயிட்டியா?" என்று கேட்டார். அந்த மனிதர் நடித்துக்காட்டியது பில்லாவை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அவர் நடித்தது ராஜப்பாவை. பில்லாவாக நடிக்கும் ராஜப்பாவை.

கோட்டும் அதற்குள் இருக்கும் ஆளும்

கதையின் எலும்பு இதுதான். பில்லா படத்தின் முற்பகுதியிலேயே செத்துவிடுகிறான். அவன் செத்ததை மறைத்துவிட்டு, அவனைப் போலவே முகமுள்ள ஓர் எளிய மனிதனைக் காவல்துறை அதிகாரி கண்டுபிடித்து, கூட்டத்துக்குள் பில்லாவாக அனுப்புகிறார். 1980 படத்தில் அந்த மனிதன் ராஜப்பா. ஆடிப்பாடி வயிறு வளர்க்கும் வெகுளி. அதிகாரியின் பேச்சுக்கு அவன் இணங்குவது பணத்துக்காக இல்லை. தன்னை நம்பியிருக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள் என்ற வாக்குக்காக.

தோட்டத்துக்காரருக்கு இதைவிட நெருக்கமான காரணம் கிடையாது. ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளி முடிந்து, அதற்குமேல் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் பஸ் காசு தேடிய வீடுகள் அவை. பிள்ளையின் படிப்புக்காக ஒருவன் உயிரைப் பணயம் வைத்து இன்னொருவனின் கோட்டைப் போட்டுக்கொள்கிறான் என்றால் யாரும் விளக்கம் கேட்கவில்லை. கோட்டு என்பது தோட்டத்தில் தொரையின் உடுப்பு. மிஞ்சிப் போனால் பெரிய கிராணியின் கல்யாண உடுப்பு. அதற்குள் லயத்து ஆள் ஒருவன் புகுந்து, அதிகாரத்தின் நடையையும் பேச்சையும் கற்று, எல்லாரையும் ஏமாற்றி, கடைசியில் தப்பித்தும் வருகிறான். திடலில் கைதட்டல் எழுந்தது பில்லாவின் நடைக்கு என்று நினைக்கிறோம். கோட்டுக்குள் இருப்பது நம்ம ஆள் என்று தெரிந்த பிறகு வந்த நடைக்குத்தான் அந்தக் கைதட்டல்.

ராஜப்பாவின் குரல்கூட நம்முடையதாக இருந்தது. எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் 'வெத்தலையைப் போட்டேண்டி' பாடலைப் பாடியவர் மலேசியா வாசுதேவன். 1944இல் இந்த மண்ணில் பிறந்து, சினிமா கனவோடு சென்னைக்குப் போய், பெயரோடு நாட்டையும் சுமந்துகொண்டு 2011இல் மறையும்வரை அங்கே பாடியவர். படம் சென்னையில் நடக்கிறது. ஆனால் எளிய மனிதன் அந்தப் பாட்டைப் பாடும்போது மலேசியாக்காரன் குரல் கேட்கிறது. இது தற்செயல்தான். இதில் குறியீடு எதையும் நான் தேடவில்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் இதைப் பெருமையோடு சொல்லாத ஆள் கிடையாது.

2007இல் என்ன நடந்தது? எலும்பு அப்படியே இருக்கிறது. ராஜப்பாவின் இடத்தில் சரவண வேலு என்ற சில்லறைத் திருடன். அவன் வளர்க்கும் சிறுவன் கரணின் படிப்பைக் காட்டி டி.எஸ்.பி. ஜெயபிரகாஷாக வரும் பிரபு அவனை இணங்கவைக்கிறார். 1980 படத்தில் தேங்காய் சீனிவாசன் நடித்த ஜே.ஜே. பாத்திரத்தின் கிளைக்கதை வெட்டப்பட்டது. டைரியாக இருந்த ரகசியம் பென்டிரைவ் ஆனது. இவை சின்ன மாற்றங்கள். பெரிய மாற்றம் விகிதத்தில் நடந்தது. நிரவ் ஷாவின் ஒளிப்பதிவும் யுவன் சங்கர் ராஜாவின் இசையும் கருப்பு உடுப்பும் குளிர்கண்ணாடியும் மௌனமும் சேர்ந்து பில்லாவை அவ்வளவு உயரத்தில் நிறுத்திவிட்டன. வேலு வரும்போது படம் மூச்சுவாங்க நின்றதுபோல் இருக்கிறது. வேலு கோட்டைப் போட்டதும் வேலு காணாமல் போய்விடுகிறான். ரஜினி பில்லாவாக நடிக்கும்போது அடிக்கடி ராஜப்பா எட்டிப்பார்ப்பார்: ஒரு திருதிரு முழி, ஒரு தடுமாற்றம். அந்த எட்டிப்பார்த்தலில்தான் படத்தின் பயமும் சிரிப்பும் இருந்தன. அஜித்தின் படத்தில் கோட்டு கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்தியதுதான் குறை.

லீச்சின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். 2007 'பில்லா' வணங்கியது பில்லாவை. தேவையற்றவனாக்கியது ராஜப்பாவை.

இந்தியில் இதே காலத்தில் நடந்தது இதை உறுதிசெய்கிறது. ஃபர்ஹான் அக்தர் ஷாருக்கானை வைத்து 'டான்' கதையை மறுபடி எடுத்து 2006 அக்டோபரில் வெளியிட்டார். அதை எடுத்ததும் மலேசியாவில்தான். உச்சக்கட்டம் நம் கெடா மாநிலத்து லங்காவியின் வானப் பாலத்தில் நடக்கிறது. அந்தப் படத்தின் கடைசித் திருப்பத்தில், பிழைத்திருப்பவன் டான், செத்தவன் எளியவன் என்று தெரிகிறது. 1978இன் பழைய ரசிகர்கள் பலர் இதைத் துரோகம் என்றார்கள். புதியவர்கள் துணிச்சல் என்றார்கள். தமிழ்ப் படம் அவ்வளவு தூரம் போகவில்லை. வேலு உயிரோடு இருக்கிறான். இருந்தாலும் போகும் திசை ஒன்றே. எழுபதுகளின் கதை ஏழையை ஜெயிக்கவைத்தது. இரண்டாயிரத்தின் கதைக்கு அவன் இடைஞ்சல்.

பத்துமலை, 2007

இனி வருவது மலேசிய ரசிகருக்கு மட்டும் உரிய காரணம். தமிழ்நாட்டு விமர்சனங்களில் இது கிடைக்காது.

படத்தில் வேலுவாக அஜித் ஆடும் 'சேவற்கொடி' பாடல் பத்துமலையில் எடுக்கப்பட்டது. பின்னால் 140 அடி உயர முருகன் சிலை தெரிகிறது. 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது அது. பத்துமலை தமிழ்ப் படத்துக்குப் புதிதில்லை. 1978இலேயே 'வருவான் வடிவேலன்' அங்கே வந்து பாடிவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் மலேசியத் தமிழர் தங்கள் உயரத்தை அளந்து பார்க்கும் அந்தச் சிலை, ஒரு பெரிய நட்சத்திரத்தின் பின்னால் திரையை நிரப்பியது நமக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மலேசியத் தமிழ் இந்துக்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் 2006இல் வெளியிட்ட நூலில், தைப்பூசம் போன்ற விழாக்களில் வெளிப்படும் வேகத்துக்கும் பொதுவெளியில் தமிழருக்குக் கிடைக்காத அங்கீகாரத்துக்கும் உள்ள உறவைப் பேசுகிறார். திரையில் பத்துமலையைப் பார்த்து எழுந்த விசிலையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஆனால் படம் எப்போது வந்தது என்று பாருங்கள். 2007 நவம்பர் 25 ஞாயிற்றுக்கிழமை, மலேசிய இந்தியர்களின் உரிமை கோரிய ஹிண்ட்ராஃப் அமைப்பின் பேரணி. அன்று அதிகாலை இதே பத்துமலைக் கோயில் வளாகத்தில் கூடியிருந்த மக்கள்மீது கண்ணீர்ப்புகையும் ரசாயனம் கலந்த தண்ணீரும் பாய்ச்சப்பட்டன. டிசம்பர் 13 வியாழக்கிழமை, உதயகுமார், மனோகரன், கெங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஆகிய ஐந்து ஹிண்ட்ராஃப் தலைவர்கள் விசாரணையின்றித் தடுத்துவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். டிசம்பர் 14 வெள்ளிக்கிழமை, 'பில்லா' வெளியானது.

பேரணிக்கு முன்பே படப்பிடிப்பு முடிந்துவிட்டது. இந்த ஒற்றுமைக்குப் படக்குழுவினர் பொறுப்பில்லை. அவர்கள்மீது பழி போடுவதற்கு இதை எழுதவில்லை. ஆனால் ரசிகன் படத்தை வெற்றிடத்தில் பார்ப்பதில்லை. மூன்று வாரங்களுக்கு முன் கண்ணெரிச்சலோடு ஓடிய இடத்தை, அந்த வாரம் இருட்டில் உட்கார்ந்து வண்ணப்பொடி தூவிய ஆட்டக்களமாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். போகாதவர்களும் கைபேசியிலும் குறுந்தகட்டிலும் அந்தக் காட்சிகளைப் பார்த்திருந்தார்கள். படத்தின் மலேசியாவில் உயர்ந்த கட்டடங்கள் இருந்தன, அகன்ற நெடுஞ்சாலைகள் இருந்தன, விடுதிகள் இருந்தன. தோட்டம் என்ற ஒன்று அந்தக் கதைக்குள் இல்லை. தமிழ் பேசுகிற எல்லாரும் மலேசியாவுக்கு வந்தவர்கள். மலேசியாவிலேயே இருந்தவர்கள் யாருமில்லை. வேலுவின் பாட்டில் மட்டும் நம் கூட்டம் பின்னால் ஆடுகிறது.

என் உறவில் ஒரு மாமா. தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபின் பாக்கார் ஆராங்குக்கு வந்து, தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் காவலாளியாக இருந்தார். (பாக்கார் ஆராங் என்றால் மலாயில் கரி சுடுவது. இப்போது அங்கே கரி சுடுவதில்லை, ஷிப்ட் மாறுகிறது.) இரவு வேலைக்குப் போகுமுன் மருமகனோடு சாயங்காலக் காட்சி பார்த்துவிட்டு வந்தார். "எப்படி மாமா?" என்றேன். "நல்லாதான் இருக்குலா. பத்துமலைலாம் காட்டுறான். நம்ப ராஜப்பாதான் எங்க போனான்னு தெரியல." பக்கத்தில் நின்ற மருமகன், "தல நடந்து வந்தாலே போதும் மாமா, கதையெல்லாம் எதுக்கு" என்றான். மாமா சிரித்துவிட்டுச் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

மருமகன் தரப்பு

மருமகனின் பதிலை அலட்சியம் செய்தால் இந்த ஆய்வு ஒருதலைப்பட்சமாகிவிடும். அவனுக்கு ராஜப்பா தேவைப்படாததற்கு நியாயம் இருக்கிறது. அவன் திடலில் வளரவில்லை, தாமான் எனப்படும் பட்டணத்துக் குடியிருப்பில் வளர்ந்தான். தொரையைப் பார்த்ததில்லை, ஆலையின் மேற்பார்வையாளரைத்தான் பார்த்திருக்கிறான். கோட்டு அவனுக்கு வேற்றுச் சாதி உடுப்பு இல்லை, பேரங்காடியில் தவணையில் வாங்கக்கூடியது. ஏழையாக நடித்துக்காட்டும் வெகுளித்தனம் அவனுக்குக் கூச்சத்தைத் தருகிறது. அதிகம் பேசாமல், யாரிடமும் கெஞ்சாமல், தலையைத் தொங்கவிடாமல் கோலாலம்பூர் நடுவே நடந்துபோகும் ஒரு தமிழ்ப் பேசும் ஆளைப் பார்ப்பதே அவனுக்கு நிறைவு. டிக்கி சொன்னதுபோல, அவனும் தன் நிலையை எண்ணித்தான் படம் பார்க்கிறான். நிலை வேறு.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு; அதையும் மறைக்கக் கூடாது. அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்துத் தாமான்களில் குண்டர் கும்பல்களின் இழுப்பு இளைஞர்களிடம் சாதாரணமாக இருந்தது. கருப்பு உடுப்பும் மௌனமும் திரையில் மட்டும் நிற்கவில்லை. சினிமாதான் அவர்களைக் கெடுத்தது என்று மேடைகளில் பேசுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தோட்டம் போனபின் படிப்பும் வேலையும் இல்லாத இடத்தில்தான் கும்பல் நுழைந்தது. படம் அதற்கு உடுப்பு தைத்துக் கொடுத்தது என்று சொன்னால் அது நியாயமான கணக்கு.

ஆகவே என் தீர்ப்பு இது: 2007 'பில்லா' தொழில்நேர்த்தியில் தமிழின் வணிகப்படத்தை ஒரு படி மேலே தூக்கிய படம். அதற்குக் கிடைத்த வெற்றி தகுதியான வெற்றி. ஆனால் நம் மண்ணில் எடுத்த அந்தப் படம், நம் ஆளுக்குக் கதையில் இருந்த ஒரே இடத்தைச் சுருக்கிவிட்டது. பழைய ரசிகர்கள் புகழ்வது முன்னதை, குறைப்படுவது பின்னதை. இரண்டும் உண்மை என்பதால்தான் ஒரே மூச்சில் வருகின்றன.

கோட்டு திரும்பி வந்தபோது

'பில்லா 2' இந்த இடத்தை இன்னொரு விதத்தில் அடைக்கப் பார்த்தது. அதில் பில்லாவே ஏழை; போரிலிருந்து தப்பிப் படகில் வந்திறங்கும் ஈழ அகதி. கோட்டுக்குள் நம்ம ஆள் இருக்கிறான் என்பதை, நம்ம ஆளே கோட்டுக்காரனாக வளர்கிறான் என்று மாற்றினார்கள். ஆனால் முகாமை முன்பகுதியிலேயே தாண்டிவிட்டு, படம் துப்பாக்கிகளுக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி வாதம்கூட நடக்கவில்லை.

வாதம் நடந்தது 2016 ஜூலை 22இல் பா. இரஞ்சித்தின் 'கபாலி' வெளியானபோது. மறுஆக்கப் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆனால் பழைய 'பில்லா' ரசிகர் அதை வேறெப்படியும் பார்த்திருக்க முடியாது. மறுபடியும் ரஜினி, மறுபடியும் கோட்டு, மறுபடியும் மலேசியா. இம்முறை கோட்டுக்குள் இருந்தவன் தோட்டத்துப் பிள்ளை. தொழிலாளரின் சம்பளத்துக்காகப் போராடியவன். கோட்டு ஏன் போடுகிறேன் என்பதற்கு அவன் காந்தியின் உடுப்பையும் அம்பேத்கரின் உடுப்பையும் ஒப்பிட்டுக் காரணமும் சொல்கிறான். பெரட்டுக் களத்தில் மழைக்கோட்டைத் தொங்கவிட்டு நடந்த மனிதர் அந்த வசனத்தைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அந்தப் படம் ஓடும்போது யோசித்துக்கொண்டிருந்தேன். படத்தின் மெதுவான போக்கைப் பலர் குறைசொன்னார்கள்; தோட்ட வரலாற்றை மேலோட்டமாகத் தொட்டதை எழுத்தாளர்கள் கண்டித்தார்கள். ராஜப்பா எங்கே என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கபாலி சுடப்பட்டானா இல்லையா என்று சொல்லாமல், துப்பாக்கிச் சத்தத்தோடு திரை இருள்வதுதான் அந்தப் படத்தின் முடிவு. மலேசியத் திரையரங்குகளில் ஓடிய பிரதியில் கூடுதலாக ஓர் அறிவிப்பு இருந்தது. கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டான் என்றது அது.